பள்ளிக் கட்டடத்துக்குப் பத்து நாளில் தளம் போடுகிறார்கள்: அதற்குள் எதையெல்லாம் பார்த்துவிட வேண்டும்?

கேள்வி: பேரணாம்பட்டு_எஸ்எம்சி

வணக்கம். பேரணாம்பட்டு பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்டுகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் தரப்பில் இருக்கிறேன். கட்டடத் தொழில் தெரிந்தவர்கள் விவரம் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு அறையும் 20 அடி அகலம், 25 அடி நீளம். ரோடு மேற்கே இருப்பதால் 7 அடி வராண்டாவும் மேற்குப் பக்கம் வருகிறது. பில்லர் போட்ட கட்டடம். லிண்டல் மட்டம் முடிந்து, தளத்துக்கு சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) அடிக்கிறார்கள். பத்து நாளில் கான்கிரீட். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பிள்ளைகளை உள்ளே உட்கார வைக்க வேண்டுமாம், அதனால் கான்கிரீட் போட்ட பத்தாம் நாளே முட்டுகளைப் பிரித்துவிடுவோம் என்கிறார்கள்.

கண்ணில் பட்டவை இவை. இரண்டு பில்லரில் அடிப்பகுதியில் ஒரு சாண் உயரத்துக்கு ஜல்லி தனியாகத் தெரிகிறது, ஒரு இடத்தில் கம்பியும் தெரிகிறது. சிமெண்ட் பால் பூசி மூடப் பார்க்கிறார்கள். போர் தண்ணீர் உப்பு. கட்டிய செங்கல் சுவரில் இப்போதே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. எம்-சாண்ட் என்று இறக்கியிருப்பது கையில் எடுத்தால் மாவு போல ஒட்டுகிறது. கழிப்பறைக்கு முன்னால் மறைப்புச் சுவர் ஒன்று, நாலரை அங்குலம், 6 அடி உயரம், 20 அடி நீளம், நடுவில் தூண் எதுவும் இல்லை.

இதில் எது அவசரம்? எதற்காக வேலையை நிறுத்தச் சொல்லலாம்? போன கோடையில் பழைய கட்டடத்தில் மதியத்துக்கு மேல் பிள்ளைகள் உட்காரவே முடியவில்லை. புதியதும் அப்படித்தான் இருக்குமா?

---

மறுமொழி 1: சைட்_இன்ஜினியர்_குடியாத்தம்

சார், முதலில் முட்டு. மற்றதைச் சரிசெய்ய வழி உண்டு, முட்டுகளை முன்கூட்டிப் பிரித்துத் தொய்ந்த பீமை யாராலும் நிமிர்த்த முடியாது.

20 அடி அகல அறை என்றால் குறுக்கே ஓடும் பீமின் நீளம் 6 மீட்டரைத் தாண்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-ன்படி 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமின் முட்டு குறைந்தது 21 நாள் நிற்க வேண்டும். 6 மீட்டருக்குள் என்றால் 14 நாள். தளத்துக்கு 4.5 மீட்டர் வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள். உங்கள் அறையில் நடு பீம் தளத்தை இரண்டாகப் பிரிக்கும் என்பதால் தளத்தின் அடி முட்டு 7 நாளில் போகலாம். பீமுக்கு அடியில் இருப்பதைத் தொடவே கூடாது. இந்தக் கணக்கும் சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்குச் சொன்னது. நம் பக்கம் மூட்டையில் வருவது பெரும்பாலும் பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசோலானா சிமெண்ட்). அது மெதுவாகத்தான் பலம் ஏறும். பத்தாம் நாள் பிரித்தால் கட்டடம் உடனே விழுந்துவிடாது, அதனால்தான் துணிந்து பிரிக்கிறார்கள். பீமின் நடு வயிற்றில் மயிரிழை விரிசல் வரும், அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும். சில வருஷம் கழித்து அந்த விரிசல் வழியே ஈரம் போய்க் கம்பி துரு ஏறி, கான்கிரீட் பெயர்ந்து பிள்ளைகள் தலையில் விழுவது அந்த இடத்திலிருந்துதான்.

அடுத்தது தண்ணீர். பேரணாம்பட்டு தோல் தொழில் பகுதி, நிலத்தடி நீரில் உப்பு ஏறிய இடங்கள் நிறைய. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைதான் குளோரைடு இருக்கலாம், சல்ஃபேட் 400 வரை, பி.எச். 6-க்குக் குறையக் கூடாது. ஒரு லிட்டர் சுத்தமான கேனில் பிடித்து லேபில் கொடுங்கள். வேலூரில் பாகாயத்திலும் காட்பாடியிலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே விசாரியுங்கள். வரம்பைத் தாண்டினால் லாரித் தண்ணீர்தான். தளத்தில் தேக்கி வைக்கும் தண்ணீருக்கும் இதே விதி. கலவைக்கு நல்ல தண்ணீர் விட்டு, ஆற்றுவதற்குப் போர் தண்ணீரைத் தேக்கினால் குளோரைடு மேலிருந்து இறங்கும்.

மணல். எம்-சாண்ட் வேறு, கிரஷர் தூள் வேறு. ஜல்லி உடைக்கும்போது மிஞ்சும் தூளை அப்படியே ஏற்றி எம்-சாண்ட் என்று இறக்குவது நடக்கிறது. எம்-சாண்ட் அதற்கென்று தனி இயந்திரத்தில் உடைத்து, மாவைக் கழுவி எடுத்தது. 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் நுண்தூள் எடையில் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஈரப்படுத்தி ஒரு கைப்பிடி பிடித்து விடுங்கள். உள்ளங்கை முழுக்கச் சாம்பல் நிறச் சேறாக ஒட்டிக்கொண்டு, குருணை உறுத்தவே இல்லை என்றால் சந்தேகம் உறுதி, சல்லடைச் சோதனை கேளுங்கள். தூள் கூடினால் கலவை தண்ணீரைக் குடிக்கும். இறுகிப்போகிறது என்று ஆள் ஹோஸை மிக்சருக்குள் விடுவார். அங்கேதான் பலம் போகிறது. எம்.20 (கான்கிரீட்டின் பலத் தரம்) பெட்டி அளவுக் கலவையில் ஒரு மூட்டைக்கு, மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து, 30 லிட்டர்தான். மிக்சர் பக்கத்தில் அளவு வாளி இல்லாவிட்டால் கான்கிரீட்டைத் தொடங்கவே விடாதீர்கள்.

எஸ்டிமேட்டில் எம்.20-ஆ எம்.25-ஆ என்று பாருங்கள். எம்.25 என்றால் 'ஒன்றுக்கு இத்தனை சட்டி' கணக்கு செல்லாது, லேபில் வடிவமைத்த கலவை விகிதத் தாள் சைட்டில் இருக்க வேண்டும். உங்கள் அளவுப்படி வராண்டாவும் சுவரும் சேர்த்துத் தளப் பரப்பு சுமார் 1,415 சதுர அடி. 5 அங்குலத் தளமும் பீம்களும் சேர்ந்து ஏறக்குறைய 22 கன மீட்டர். கன மீட்டருக்கு 7 முதல் 8 மூட்டை என்று வைத்தால் 155 முதல் 175 மூட்டை. வேலை முடிந்த சாயங்காலம் வெறும் சாக்கை எண்ணுங்கள். 120 தான் இருக்கிறது என்றால் கலவை பலம் குறைந்துவிட்டது, அன்றைக்கே எழுத்தில் பதியுங்கள்.

கம்பி கட்டி முடித்த மறுநாள் காலை வெளிச்சத்தில் தளத்தில் ஏறிப் பாருங்கள். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைப் பலகையில் படாமல் தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டை) வேண்டும். ஜல்லித் துண்டோ டைல்ஸ் துண்டோ கூடாது, அவை நழுவிவிடும். தளத்துக்கு 20 மி.மீ., பீமுக்கு 25, பில்லருக்கு 40 என்பது குறைந்த அளவு. உப்பு உள்ள இடம் என்பதால் தளத்துக்கு 30 வைக்கலாமா என்று கட்டடத்தை வடிவமைத்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். தளத்தைத் தாங்கும் பீமுக்கு மேலே ஓடும் மேல்கம்பிகளை மிதித்து மிதித்துக் கீழே இறக்கிவிடுவார்கள். அவற்றைத் தூக்கிப் பிடிக்க நாற்காலி போல வளைத்த கம்பி மூன்றடிக்கு ஒன்று வேண்டும். கான்கிரீட் கொட்டும் ஆட்கள் நடக்கப் பலகை வேண்டும்.

ரிங், அதாவது நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி. வேலூர் மாவட்டம் நிலநடுக்க மண்டலம் 3-ல் கணக்கிடப்பட்டு வந்த இடம். 2021 நவம்பர், டிசம்பரில் பேரணாம்பட்டு பக்கம் அதிர்ந்தது உங்களுக்கே தெரியும். பள்ளிக் கட்டடத்துக்கு நிலநடுக்க விசையை வீட்டைவிட ஒன்றரை மடங்காக வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். பில்லரும் பீமும் சேரும் இடத்தில் இப்போது ரிங் தெரியும். அங்கே 100 மி.மீ. இடைவெளிக்கு மேல் இருக்கக் கூடாது, கொக்கி 135 பாகை வளைந்து உள்ளே போயிருக்க வேண்டும். 90 பாகையில் எல் போல மடக்கி விட்டால் அதிர்ச்சியில் திறந்துகொள்ளும். கம்பியின் எடையையும் பாருங்கள்: 12 மி.மீ. கம்பி ஒரு மீட்டர் வெட்டி எடை போட்டால் 888 கிராம். ஒற்றைத் துண்டில் 6 சதவீதம் குறையலாம். 834-க்குக் கீழே போனால் அது 12 மி.மீ. அல்ல.

பில்லரில் ஜல்லி தெரிவது ஷட்டர் (அச்சுப் பலகை) அடியில் இடைவெளி விட்டு சிமெண்ட் பால் ஒழுகியதாலோ, உயரத்திலிருந்து கொட்டி வைப்ரேட்டர் அடிவரை போகாததாலோ வந்தது. பூசி மூடினால் உள்ளே பொந்து அப்படியே இருக்கும். தளத்தின் பாரம் அதன்மேல் ஏறுவதற்கு முன்பே சரிசெய்தாக வேண்டும். சின்ன உளியால் தளர்ந்ததையெல்லாம் கொத்தி, கம்பிக்குப் பின்னால் ஒரு விரல் போகும் அளவுக்கு எடுத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவி, ஒரு நாள் ஈரமாக வைத்து, பிடிப்புப் பூச்சு பூசி, ஷட்டர் அடைத்து, சுருங்காத மைக்ரோ கான்கிரீட் ஊற்ற வேண்டும். பொந்து கம்பிக்கு உள்ளே பாதி பில்லர் வரை போனால் பொறியாளர் வந்து பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

கியூப் சோதனைக்கு (கான்கிரீட் கட்டியை லேபில் நசுக்கிப் பலம் பார்ப்பது) 16 முதல் 30 கன மீட்டர் கான்கிரீட் போட்டால் 3 மாதிரி, மாதிரிக்கு 3 கட்டி, ஆக 9 கட்டி. உங்கள் கண் முன்னால் மிக்சரிலிருந்து வருவதை எடுத்து நிரப்ப வேண்டும். சோதனைக்கென்று தனியாகச் சிமெண்ட் கூட்டிக் கலப்பது பழைய வித்தை. கட்டி ஈரமாக இருக்கும்போதே தேதியும் உங்கள் குழுவில் ஒருவர் கையெழுத்தும் ஆணியால் கீறிவிடுங்கள்.

---

மறுமொழி 2: காட்பாடி_கட்டடக்கலை

வெக்கையைப் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். பிள்ளைகள் படிப்பது அதற்குள்தான், ஆனால் எஸ்டிமேட்டில் அதற்கென்று ஒரு வரிகூட இருக்காது.

வேலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சி வெயில் கொஞ்சம் வடக்கே சாய்ந்து கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல் நிற்கும். ஆக, கோடை வெப்பத்தில் பெரும்பங்கு கூரை வழியாகத்தான் இறங்குகிறது. வெறும் 5 அங்குலக் கான்கிரீட் காலையில் இருந்து வாங்கி வைத்த சூட்டை, மதியம் இரண்டு மணிக்கு மேல் அடிப்பக்கமாகப் பிள்ளைகள் தலைமேல் விடுகிறது. போன கோடையில் நீங்கள் பார்த்தது அதுதான்.

இதற்கு நம் ஊரில் பழகிய மருந்து செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு வெதரிங் கோர்ஸ், அதாவது தளத்தின் மேல் போடும் காப்பு அடுக்கு. 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 12.5 பங்கு, மணல் கிடையாது. சராசரி 3 அங்குல கனம், தண்ணீர்க் குழாய் பக்கம் சரிவு வைத்து, மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்துத் தட்டுவது இங்கே வழிவழியாக வந்த முறை. மேலே தட்டு ஓடு பதித்து இணைப்புகளை நீர்புகாக் கலவையால் நிரப்ப வேண்டும். ஓடு வெள்ளையாக இருந்தால் சூடு இன்னும் குறையும். சிவப்பு ஓடுதான் எஸ்டிமேட்டில் இருக்கிறது என்றால் மேலே வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சு இரண்டு கோட் அடிக்கலாம், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும்.

தவறு நடக்கும் இடங்கள் தெரிந்தவைதான். சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்டைச் சேர்ப்பார்கள்; அது இறுகி வெயிலில் வெடித்துவிடும். கனத்தை ஒன்றரை அங்குலத்தில் முடித்துவிட்டு 3 அங்குலத்துக்கு அளவு எழுதுவார்கள். ஓடு பதிப்பதற்கு முன்னால் நாலு இடத்தில் கம்பி குத்தி அளந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கு வெயில். மாலை 4 மணிக்குச் சூரியன் சுமார் 35 பாகை உயரத்தில் இருக்கும். 2 அடி சன்ஷேடு போட்டால் அந்த நேரத்தில் ஒன்றரை அடி நிழல்தான் இறங்கும், 4 அடி ஜன்னலுக்கு அது போதாது. உங்களுக்கு வராண்டா அந்தப் பக்கம் வந்தது நல்லது. ஆனால் 7 அடி வராண்டாவின் விளிம்பு 10 அடி உயரத்தில் இருந்தால், 4 மணி வெயில் அறைச் சுவரில் 5 அடி உயரத்திலிருந்து கீழே முழுக்க விழும். ஜன்னலின் கீழ்ப்பாதியும் அதை ஒட்டி உட்காரும் வரிசையும் வெயிலில். வராண்டா விளிம்பிலிருந்து 7 அடி உயரம் வரை இறங்கும் ஜாலி (துளை விட்ட தடுப்பு) கட்டிவிட்டால் அதே வெயில் 2 அடி உயரத்தில்தான் விழும், ஜன்னல் முழுக்க நிழல். ஆள் நடக்க 7 அடி போதும். இதற்குக் கட்டடத்தை மாற்ற வேண்டியதே இல்லை. விளிம்பு பீமில் இப்போதே கம்பி நீட்டி விட்டால் ஜாலியைப் பிறகு அதில் கட்டிவிடலாம், அதனால் தளம் போடும் முன் சொல்லிவிடுங்கள்.

காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போக வேண்டும். 500 சதுர அடி அறைக்கு 80 சதுர அடி திறப்பு, அதாவது 4 அடிக்கு 5 அடியில் நாலு ஜன்னல், கிழக்கிலும் மேற்கிலும் சமமாக. ஸ்லைடிங் ஜன்னலை வேண்டாம் என்று சொல்லுங்கள், அது எப்போதும் பாதிதான் திறக்கும். தளத்தை ஒட்டி ஒரு அடி உயர வெண்டிலேட்டர் இருந்தால் மேலே தேங்கும் சூடு வெளியேறும்.

கூரை உயரம் பள்ளிக்கு 3.6 மீட்டர் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது, ஏறக்குறைய 12 அடி. உங்கள் எஸ்டிமேட்டில் 10 அடி என்றிருந்தால் இந்த நிலையில் மாற்றுவது கடினம். அடுத்த கட்டடத்துக்கு வரைபடம் வரும்போதே கேளுங்கள்.

படியும் சரிவுப்பாதையும் தளத்துக்குப் பிறகு வரும் வேலை, அவசரத்தில் சுருக்கிவிடுவார்கள். ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். பேஸ்மட்டம் 2 அடி என்றால் சரிவுப்பாதை 24 அடி, இரண்டு பக்கமும் கைப்பிடி. இடமில்லை என்று 10 அடியில் முடித்தால் சக்கர நாற்காலிப் பிள்ளை அதில் தனியாக ஏறவே முடியாது. படி உயரம் 6 அங்குலம், மிதி 12 அங்குலம். வராண்டாவுக்கு வழவழப்பான டைல்ஸ் வேண்டாம்.

---

மறுமொழி 3: எம்புக்_ஓவர்சீயர்

மறைப்புச் சுவரை இன்றைக்கே கயிறு கட்டி மறியுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் போகக் கூடாது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள்.

கணக்கு இதுதான். பூச்சோடு சேர்த்து ஐந்தரை அங்குல கனம், 6 அடி உயரச் சுவர், ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 500 கிலோ. கேட்டால் பாரமாகத் தெரியும். ஆனால் அடி அகலம் குறுகலாக இருப்பதால், அடியில் சாந்துப் பிடிப்பு விட்டுப்போன பிறகு அந்த ஒரு மீட்டரைச் சாய்க்க உச்சியில் 20 கிலோ தள்ளு போதும். மூன்று பையன்கள் சாய்ந்தால் அதற்கு மேல். உப்புத் தண்ணீரில் கட்டிய சுவரில் அடி வரிசைதான் முதலில் பொரிந்துபோகும்.

இடித்துவிட்டு 9 அங்குலமாகக் கட்ட வேண்டும், அல்லது 6 அடிக்கு ஒரு தூண், இரண்டு முனையிலும் கழிப்பறைச் சுவரோடு பல் விட்டுப் பிணைப்பு, உச்சியில் கான்கிரீட் பெல்ட், அடித்தளம் கெட்டி மண் வரை. தனியாக நிற்கும் எந்த நாலரை அங்குலச் சுவரும் பள்ளிக்குள் வேண்டாம்.

நடைமுறை: குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, படங்களோடு ஒன்றியப் பொறியாளருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் கடிதம் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்குங்கள். கடிதத்தில் 'தரமில்லை' என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தப் பில்லர், எத்தனை அங்குலம், எந்தத் தேதி என்று எழுதினால்தான் பதில் வரும். மதிப்பீடு, வரைபடம், அளவுப் புத்தகம் மூன்றின் நகலும் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி மனு. அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவில் வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை உண்டு. மணலையும் சிமெண்டையும் மாதிரியாகக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பதிலுக்கு 30 நாள் ஆகும், அதனால் கடிதத்தை முதலில் கொடுத்துவிடுங்கள்.

---

பேரணாம்பட்டு_எஸ்எம்சி

மூவருக்கும் நன்றி. கயிறு கட்டியாகிவிட்டது. கடிதம் கொடுத்தோம், பொறியாளர் வந்து பார்த்துப் பில்லர் இரண்டையும் கொத்தச் சொல்லிவிட்டார். ஒன்றில் பொந்து கம்பி வரைதான், இன்னொன்றில் நாலு அங்குலம் உள்ளே போகிறது. அதைச் சரிசெய்யும் வரை தளம் தள்ளிப்போகிறது. முட்டு 21 நாள் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம். ஜூனில் கொஞ்ச நாள் மரத்தடியிலும் பழைய ஹாலிலும் சமாளித்துக்கொள்வதாகத் தலைமையாசிரியர் சொல்கிறார். தண்ணீர் ரிப்போர்ட்டில் குளோரைடு வரம்பைத் தாண்டிவிட்டது. லாரித் தண்ணீர் எவ்வளவு சொல்ல வேண்டும்? எத்தனை மணிக்குத் தொடங்குவது நல்லது?

---

சைட்_இன்ஜினியர்_குடியாத்தம்

நாலு அங்குலம் போன பில்லருக்கு, கொத்திய பிறகும் ஊற்றி முடிக்கும் வரையும் மேலே எந்தப் பாரமும் ஏறக் கூடாது. அந்தப் பக்க சென்ட்ரிங் வேலையையும் நிறுத்தி வையுங்கள்.

தண்ணீர்க் கணக்கு: கலவைக்கு மூட்டைக்கு 25 லிட்டர் வீதம் வைத்தாலும் 4,000 லிட்டர். மிக்சர் கழுவ, பலகை நனைக்க, ஜல்லியில் தெளிக்க இன்னொரு 2,000. தளத்தில் பாத்தி கட்டி 2 அங்குலம் தேக்க 6,500 லிட்டர். இந்த வெயிலில் நாளொன்றுக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் வற்றும், 14 நாளைக்கு அதை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நாளைக்கு 12,000 லிட்டர் லாரி ஒன்று போதும், அதை வாங்கி வைக்கத் தொட்டி இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். மறுநாள் முதல் தேக்க இன்னொரு லாரி சொல்லி வையுங்கள். கடைசியில் கணக்கைப் பார்த்தால் மூன்று லாரி ஆகும். பில்லரும் பீம் பக்கங்களும் தேக்கத்தில் நனையாது, அவற்றுக்கு ஈரச் சாக்கு சுற்ற வேண்டும்.

கான்கிரீட்டைக் காலை 5.30-க்குத் தொடங்குங்கள். முந்தின நாள் சாயங்காலமே ஜல்லிக் குவியலை நனைத்துச் சாக்குப் போட்டு மூடுங்கள். வெயிலில் கிடந்த ஜல்லி கலவையைச் சூடாக்கிவிடும், போடும்போது 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. 22 கன மீட்டரை ஒரே மிக்சரில் காலைக்குள் முடிக்க முடியாது, இரண்டு மிக்சர் கேளுங்கள். வைப்ரேட்டரும் இரண்டு, ஒன்று நின்றால் மாற்று வேண்டும். மட்டப்பலகை போட்டு முடித்த பகுதியை அரை மணி நேரத்துக்குள் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள். வறண்ட காற்றில் மேல்பரப்பு சட்டென்று காய்ந்து தறிநூல் போல விரிசல் ஓடும். அப்படி ஓடினால் சிமெண்ட் தூவித் தேய்க்க விடாதீர்கள். இறுகுவதற்கு முன் மரப்பலகையால் அழுத்தித் திரும்பத் தேய்த்தால் மூடிக்கொள்ளும்.